அச்சுக்கூடம் அமைத்த ஆசிரியர்: ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர்

நாவலரின் பணிகளை விளக்குமாறு கேட்டால் உங்களில் பெரும்பாலானோர் பிறந்த திகதியில் தொடங்கி, நூல்களின் பெயர்களை வரிசையாக அடுக்கி, மறைந்த திகதியில் முடித்து விடுகிறீர்கள். அதற்குச் சில புள்ளிகள் கிடைக்கும். ஆனால் விடைத்தாளைத் திருத்துபவருக்கு நீங்கள் மனனம் செய்தவர் என்பது முதற் பந்தியிலேயே தெரிந்துவிடும். ஆகவே இந்தப் பாடத்தைப் படிக்கும்போது ஒரேயொரு கேள்வியை மனதில் வைத்திருங்கள். மாதச் சம்பளத்துடன் ஆசிரியராக இருந்த ஒரு யாழ்ப்பாணத்து இளைஞர், அந்த வேலையை விட்டுவிட்டுக் கடல் கடந்து போய் அச்சியந்திரம் வாங்கி வந்தது ஏன்? இதற்கு விடை கண்டால் ஆண்டுகளும் நூல்களும் தாமாகவே நினைவில் நிற்கும்.

ஆறுமுகம் என்ற இயற்பெயர் கொண்ட நாவலர் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18 ஆம் திகதி நல்லூரில் பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். தந்தையார் தமிழ் கற்றவர், நாடகங்கள் எழுதியவர். மகனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவர் காலமானார். அப்போது அவர் எழுதிக்கொண்டிருந்த நாடகம் ஒன்று பாதியில் நின்றதாகவும், அதனை அந்தச் சிறுவனே எழுதி முடித்ததாகவும் வரலாறு கூறும். இச்செய்தியை விடையில் ஒரு வரியில் எழுதினாற் போதும், ஆனால் மறந்துவிடாதீர்கள்.

நல்லூர் சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் தொடக்கக் கல்வியையும், சரவணமுத்துப் புலவர், இருபாலைச் சேனாதிராய முதலியார் ஆகியோரிடம் உயர்ந்த இலக்கண இலக்கியங்களையும் கற்றார். பின்னர் பேர்சிவல் பாதிரியார் நடத்திய வெஸ்லியன் மிசன் ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்தார். இதுவே இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி. 1841 ஆம் ஆண்டளவில், இருபது வயதையும் எட்டாத நிலையில், அதே பாடசாலையில் ஆசிரியரானார். கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கற்பித்தார்.

இங்கே மாணவர் பலரும் தடுமாறும் ஓர் இடம் உண்டு. நாவலர் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தார் என்று எழுதிவிடுவார்கள். சரியாகச் சொல்வதானால், பேர்சிவல் பாதிரியார் மேற்கொண்ட மொழிபெயர்ப்புப் பணிக்கு நாவலர் தமிழறிஞராக உதவினார். சில ஆண்டுகள் நீடித்த வேலை அது. 1848 இல் இருவரும் அந்த மொழிபெயர்ப்பை எடுத்துக்கொண்டு சென்னபட்டணம் சென்றனர். அங்கு மகாலிங்கையர் என்ற வித்துவான் அதன் நடையைப் பார்த்து ஏற்றுக்கொண்டார். அந்த நூல் 1850 இல் வெளிவந்தது.

சைவப் பற்று மிக்க ஒருவர் இந்த வேலையை ஏன் செய்தார் என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. அது அவருடைய தொழில். அதை அவர் நேர்மையாகச் செய்தார் என்பதே என் விடை. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஒரு பெரிய நூலைச் சொல் சொல்லாக நிறுத்து, செய்யுளாக அன்றி வசனமாக, படித்தவரும் படியாதவரும் விளங்கிக்கொள்ளும்படி தமிழில் எழுதுவது எப்படி என்ற பயிற்சி அவருக்கு அங்கேதான் கிடைத்தது. வகுப்பு வகுப்பாகப் பிரித்த பாடசாலை, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு புத்தகம், அந்தப் புத்தகத்தை அச்சிட ஓர் இயந்திரம் என்ற ஒழுங்கினையும் அவர் மிசனரிமாரிடம் நேரிற் கண்டார்.

அக்கால யாழ்ப்பாணத்தைச் சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனின் செமினரி 1823 இலேயே தொடங்கிவிட்டது. 1841 இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. மிசனரிமாரிடம் அச்சகம் இருந்தது, பாடநூல் இருந்தது, அரசாங்க உதவிப் பணத்தின் பெரும்பங்கும் இருந்தது. மறுபுறத்தில் திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே பிள்ளை மணலில் எழுத்தெழுதிப் பழகும். நிகண்டையும் நீதி நூல்களையும் வாய்ப்பாடமாக ஒப்புவிக்கும். பொருள் பிற்பாடு விளங்கும் என்பது நம்பிக்கை. ஏட்டுச்சுவடி ஆசிரியரிடம் இருக்கும். பிள்ளையின் கையில் எதுவும் இராது. ஆகவே தன் பிள்ளை கையில் ஒரு புத்தகத்தை வைத்து வாசிக்கவேண்டும் என்று விரும்பிய ஒரு சைவத் தகப்பனுக்கு மிசன் பாடசாலையைவிட்டால் வேறு வழி இருக்கவில்லை. நாவலர் கண்ட பிரச்சினை இதுதான்.

1847 ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் அவர் தமது முதலாவது சைவப் பிரசங்கத்தைச் செய்தார். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடந்தது. பிரசங்கம் பெரியவர்களுக்கானது, கேட்டவர்கள் கலைந்து போவார்கள். பிள்ளைகளுக்கோ நாள்தோறும் நடக்கும் பாடசாலை வேண்டும். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அதே ஆண்டு செப்டெம்பரில் வெஸ்லியன் பாடசாலை வேலையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்தார். இனிச் சம்பளம் இல்லை. பாடசாலையை நடத்தப் பொதுமக்களிடம் கேட்டுப் பெறும் பணமே வழி. உறுதியான ஒரு பதவியை விட்டு வெளியே வருவது அன்றும் இன்றும் இலேசான காரியமன்று. உங்கள் வீட்டில் ஒருவர் அப்படிச் செய்தால் என்னென்ன பேச்சு எழும் என்று நினைத்துப் பாருங்கள்.

பாடசாலை தொடங்கியது, ஆனால் கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. மிசன் அச்சிட்ட நூல்கள் இவருடைய பாடசாலைக்குப் பொருந்தா. ஏடுகளைப் பிரதி செய்வதென்றால் ஒரு வகுப்புக்கே மாதக்கணக்கில் எழுதவேண்டும். ஆகவே 1849 இல், தம்முடன் உழைத்த சதாசிவப்பிள்ளை அவர்களை அழைத்துக்கொண்டு அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் புறப்பட்டார். போகும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்திற் பிரசங்கம் செய்தபோதுதான் நாவலர் என்ற பட்டம் அவருக்கு வழங்கப்பட்டது. நாவன்மைக்காகக் கிடைத்த பட்டம் அது. பெற்றவர் அப்போது போய்க்கொண்டிருந்ததோ நாவுக்கு அன்றி எழுத்துக்கு ஒரு கருவி தேடி. சென்னபட்டணத்தில் சூடாமணி நிகண்டை உரையுடனும் சௌந்தரியலகரியை உரையுடனும் அச்சிட்டார். இயந்திரத்துடன் திரும்பி வந்து வண்ணார்பண்ணையில் நிறுவிய அச்சுக்கூடமே வித்தியாநுபாலன யந்திரசாலை. வித்தியாநுபாலனம் என்றால் கல்வியைப் பேணி வளர்த்தல். பெயரிலேயே நோக்கம் இருப்பதைக் கவனியுங்கள். ஒரு பாடசாலைக்குத் துணையாகப் பிறந்த அச்சகம் இது.

அங்கிருந்து முதலில் வெளிவந்தவை எவை என்று பாருங்கள். ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றுக்கு உரை, பாலபாடம், நன்னூல் விருத்தியுரை. அதாவது எழுத்தறியத் தொடங்கும் பிள்ளை முதல் இலக்கணம் பயிலும் மாணவன் வரை ஒரு பாடசாலைக்கு வேண்டியவை. நன்னூல் விருத்தியுரை 1851 இல் வெளிவந்தது. பாலபாடங்களின் முதற் புத்தகங்கள் 1850 ஐ ஒட்டி வெளிவந்தன. நான்காம் பாலபாடம் பிற்காலத்தது.

பாலபாடங்களை வெறும் சமயப் புத்தகங்கள் என்று நினைத்துக் கடந்து செல்ல வேண்டாம். அவற்றின் அமைப்பே முக்கியமானது. முதற் புத்தகம் எழுத்துக்களிலும் சிறு சொற்களிலும் தொடங்கிச் சிறு வாக்கியங்களுக்குப் போகும். அடுத்ததில் வாக்கியம் நீளும். நான்காவதில் முழுமையான கட்டுரைகளே இடம்பெறும். பிள்ளை ஏறக்கூடிய உயரத்துக்குப் படியை வைத்து அடுத்த படியை அதற்கேற்ப அமைக்கும் முறை இது. இன்று உங்களுடைய தமிழ்ப் புத்தகம் தரம் தரமாக வருவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறீர்கள். 1850 இல் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்படி எழுத யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசிக்கவேண்டியிருந்தது. இலக்கணத்தையும் சமயத்தையும் வினாவும் விடையுமாக எழுதிய இலக்கண வினாவிடை, சைவ வினாவிடை போன்றவையும், இலக்கணச் சுருக்கமும், இலங்கைப் பூமிசாஸ்திரமும் இதே நோக்கத்தில் எழுந்தவையே. புவியியல் நூல் ஒன்றும் பட்டியலில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி அவரது வசனநடை பற்றி. பரீட்சையில் இப்பகுதிக்கே அதிக புள்ளி. நாவலருக்கு முன்பும் தமிழில் வசனம் இருந்தது. உரையாசிரியர்கள் வசனத்திலேயே எழுதினார்கள். ஆகவே தமிழ் வசனத்தை நாவலர் தோற்றுவித்தார் என்று எழுதாதீர்கள். உரையாசிரியரின் வசனம் ஒரு செய்யுளைச் சார்ந்து நிற்பது. ஆசிரியர் அருகில் இருந்தால்தான் விளங்குவது. தனியே இருந்து வாசிப்பவனுக்கும் விளங்கும்படி, பிழையற்ற இலக்கணத்துடன் வசனத்தைப் பாடநூலின் மொழியாக்கியதே நாவலரின் சாதனை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி, வினாக்குறி முதலிய குறியீடுகளை ஆங்கிலத்திலிருந்து எடுத்துத் தமிழ் நூல்களில் ஒழுங்காகக் கையாண்டார். கடினமான சந்திகளைத் தவிர்த்துச் சொற்களைப் பிரித்தும் எழுதினார். ஒரு காற்புள்ளியால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஏட்டிலே இடைவெளியும் இல்லை, நிறுத்தமும் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதை ஆசிரியரின் குரல்தான் சொல்லித்தந்தது. அச்சுப் புத்தகத்தோடு வீட்டுக்குப் போகும் பிள்ளையுடன் ஆசிரியர் போகமாட்டார். அந்தக் குரலின் இடத்தைத்தான் நிறுத்தக்குறி பிடித்தது.

இந்த நடையின் பெரும் பயன் 1852 இல் வெளிவந்த பெரியபுராண வசனத்திலே தெரிந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட செய்யுள்களைக் கொண்ட நூலைப் புலவர் ஒருவர் துணையின்றி எவரும் படிக்க முடியாத காலம் அது. அதனை வசனமாக எழுதி, வாசிக்கத் தெரிந்தவர் தாமே வாசிக்கவும், தெரியாதவர் பிறர் வாசிக்கக் கேட்கவும் வழி செய்தார்.

அடுத்து, பதிப்பாசிரியராக அவர் பட்ட பாடு. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் வழிகாட்டி நூல்கள் பலவும் ஏடுகளை அச்சேற்றினார் என்ற இரண்டு சொற்களோடு இதை முடித்துவிடுகின்றன. ஏட்டை எடுத்து அப்படியே அச்சுக் கோக்கலாம் என்றா நினைக்கிறீர்கள்? பழைய ஏட்டிலே மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, ஓலை கிழிந்துவிடும் என்று. ரகரத்துக்கும் ஆகாரத்தைக் காட்டும் காலுக்கும் வடிவ வேறுபாடு இல்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே மாதிரி இருக்கும். ஓர் உதாரணம்: பால் என்ற சொல்லும் பரல் என்ற சொல்லும் ஏட்டில் ஒன்று போலவே தோன்றும். குடிக்கும் பாலா, சிலம்பினுள் இடும் பரலா என்பதை இடம் பார்த்துப் பதிப்பாசிரியரே முடிவு செய்யவேண்டும். ஒவ்வொரு வரியிலும் இப்படிப் பல முடிவுகள். இதற்காகப் பல ஏட்டுப் பிரதிகளைத் தேடிப்பெற்று ஒப்புநோக்கினார். பிறகு ஈய எழுத்துக்களைக் கோத்து, ஒரு தாள் அடித்து, பிழை பார்த்து, திருத்தி, மறுபடி அடிக்கவேண்டும். அவருடைய பதிப்புகள் பிழையின்மைக்குப் பெயர் பெற்றவை.

நானும் ரியூட் எழுதிக் கொடுப்பவன்தான். ஒருமுறை ஓர் ஆண்டைப் பிழையாக அடித்துவிட்டேன். நான் கவனிக்குமுன் அந்தப் பிழை ஒரு வகுப்பின் எல்லாக் கொப்பிகளிலும் ஏறிவிட்டது; அடுத்த தவணைப் பரீட்சையில் அப்படியே திரும்பி வந்தது. ஏட்டுப் பிழை ஒரு வீட்டில் இருக்கும், அச்சுப் பிழை ஊரெல்லாம் போகும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

1861 இல் திருக்குறளைப் பரிமேலழகர் உரையுடன் பதிப்பித்தார். திருக்கோவையாரையும் அதன் உரையுடன் பதிப்பித்தார். இப்பெரும் பதிப்புகளுக்கு இராமநாதபுரம் சமஸ்தானத்துப் பொன்னுச்சாமித் தேவர் பொருளுதவி செய்தார். சென்னையிலும் அச்சுக்கூடம் நடத்தினார். 1864 இல் சிதம்பரத்தில் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அவர் வாழ்நாளின் கணிசமான பகுதி இவ்வாறு பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் கழிந்தது. சிறுவர் புத்தகமும் பெரும் பதிப்பும் ஒரே கையில் இருந்தன. ஆனால் இரண்டாலும் அவர் செல்வந்தராகவில்லை.

தோல்விகளையும் எழுதப் பழகுங்கள். ஆங்கிலமும் படித்தாலன்றிப் பிள்ளைகளுக்கு உத்தியோகம் கிடையாது என்பதை உணர்ந்து 1872 இல் வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பணமின்மையால் நாலே ஆண்டுகளில் அது மூடப்பட்டது. நூலுக்கு ஒரு தடவை பொருள் தரும் புரவலர் கிடைப்பார். ஆசிரியருக்கு மாதா மாதம் சம்பளம் தரும் புரவலரைக் காண்பது கடினம். அவர் நினைத்தது, அவர் மறைந்து பதினொரு ஆண்டுகளின் பின், 1890 இல் சைவபரிபாலன சபையின் பொறுப்பில் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாகக் கைகூடியது.

விமர்சன நோக்கில் எழுதும்படி வினா வந்தால் இன்னும் இரண்டு விடயங்களைத் தவிர்க்க முடியாது. ஒன்று, இராமலிங்க சுவாமிகளின் பாடல்கள் தொடர்பாக 1860 களின் பிற்பகுதியில் எழுந்த அருட்பா மருட்பாச் சர்ச்சை. இதில் நாவலரின் எழுத்து மிகவும் கடுமையானது. பாலபாடத்தில் இருக்கும் பொறுமை கண்டனங்களில் இல்லை என்பது என் எண்ணம். மற்றையது சாதி. தம் காலத்துச் சாதி ஒழுங்கை நாவலர் ஏற்றுக்கொண்டார். அதனை மாற்ற முனையவில்லை. ஆகவே அவர் அனைவருக்கும் கல்விக் கதவைத் திறந்தார் என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதினால் அது வரலாற்றுப் பிழை. அவருடைய எளிய வசனமும் அச்சுப் புத்தகமும் அவர் எண்ணியிராத கைகளுக்கும் பின்னர் போய்ச் சேர்ந்தன என்று எழுதுவது சரியாக இருக்கும்.

அவரிடம் கற்றோரும் அவருடன் பணியாற்றியோரும் ஒரு பரம்பரையாயினர். மருகராகிய பொன்னம்பலபிள்ளை, வித்துவசிரோமணி எனப் பெயர் பெற்று இலக்கிய விரிவுரையிற் சிறந்து விளங்கினார். சதாசிவப்பிள்ளை அச்சகப் பணியைத் தொடர்ந்தார். சிறுப்பிட்டியைச் சேர்ந்த சி. வை. தாமோதரம்பிள்ளை நாவலரைவிடப் பத்து வயது இளையவர். அவரைத் தினவர்த்தமானிப் பத்திரிகையை நடத்தச் சென்னைக்கு அழைத்தவரும் அதே பேர்சிவல்தான். அரசாங்கத்தில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டே தமிழ்ப் பணி செய்தவர் அவர். 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் அவர் வெளியிட்டபோது, பிரதிகளைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நாவலர். மூத்தவர் திருத்திக் கொடுக்க இளையவர் வெளியிட்ட அந்த நூலைப் பதிப்புத் தொழிலின் ஒரு பயிற்சிக் களமாகவே கொள்ளலாம். நாவலர் மறைந்தபின் 1881 இல் வீரசோழியம், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை எனத் தாமோதரம்பிள்ளை தொடர்ந்து பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்ததும் அதே 1887 இல்தான். நாவலர், தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் என்ற இந்த வரிசையை மாற்றி எழுதாமற் பார்த்துக்கொள்ளுங்கள்.

இறுதி ஆண்டுகளில் அவர் புத்தகங்களோடு மட்டும் இருக்கவில்லை. 1877 ஐ ஒட்டிய பஞ்சகாலத்தில் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்குக் கஞ்சி வார்க்க ஏற்பாடு செய்தார். 1879 இல் சட்டநிரூபண சபைக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவாக ஆதரவு திரட்டினார். அதே ஆண்டு டிசெம்பர் 5 ஆம் திகதி, ஐம்பத்தேழு வயது நிறைவதற்குச் சில நாட்கள் இருக்கையிற் காலமானார். அவரது வரலாற்றை முதலில் நூலாக எழுதியவர் வே. கனகரத்தின உபாத்தியாயர், ஆண்டு 1882. இலங்கை அரசு 1971 இல் நாவலருக்கு முத்திரை வெளியிட்டது.

பெரியபுராணத்தின் உட்பொருளை விளக்கி அவர் எழுதிவந்த சூசனம் முடிவுறாமல் நின்றுவிட்டது. தந்தையின் நாடகத்தை முடித்துவைக்க ஒன்பது வயது மகன் இருந்தான். இதை முடிக்க எவரும் இருக்கவில்லை. எழுதிய அளவிலேயே அது அச்சேறியது.